கட்டின நேரம்

நேர் விமானம் வரப்போகிற செய்தியை அந்த வீட்டில் முதலில் கேட்டவை மீன்கள்தான். தொட்டிக்காரருக்கு எதையும் முதலில் மீன்களிடம் சொல்லித்தான் பழக்கம். காலையில் கைவலையைத் தோளில் போட்டுக்கொண்டு தொட்டி தொட்டியாக நடக்கும்போது, மனைவியிடம் சொல்லத் தயங்குவதைக்கூட அவற்றிடம் சொல்லிவிடுவார்.

"இனிமே நடுவுல ரெண்டு எடத்துல இறக்கி ஏத்துற வேலையெல்லாம் கிடையாது. இங்க ஏறினா அங்கதான் எறக்கம். பத்தே மணி நேரம். கேட்டுச்சா?"

பக்கத்துத் தொட்டியில் பாசி சுரண்டிக்கொண்டிருந்த தங்கச்சிக்குக் கேட்டது. "அண்ணே, ஜன்னலோரமா எடம் போடச் சொல்லு" என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் நாற்பத்திரண்டு சிமென்ட் தொட்டிகள். மேலே பச்சை வலை, ஒவ்வொரு தொட்டிக்கும் காற்றுக் குழாய், பகல் முழுக்க கொப்பளிக்கிற சத்தம். அந்தச் சத்தம் நின்றால்தான் அந்த வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். வளர்ப்பது ஒரே வகை வண்ண மீன். விரல் நீளம், ஆரஞ்சு நிறம், உடம்பில் மூன்று கறுப்பு வரி. வளர்ப்பதால் அவர் தொட்டிக்காரர். பையில் கட்டுவதால் அவர் மனைவி பைக்காரி. தங்கச்சி, புருஷன் வீடு சரிப்படாமல் திரும்பி வந்தவள். எல்லா வேலையும் செய்வாள், எல்லாவற்றுக்கும் ஒரு கருத்தும் சொல்வாள்.

பைக்காரி கட்டுவதைப் பார்த்தவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிடுவார்கள். பையின் அடிமூலை இரண்டையும் முதலில் மடித்து ஒட்டுவாள்; கூரான மூலை இருந்தால் மீன் அதில் சிக்கி நசுங்கும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், எண்ணி எண்பது மீன். பையை அமுக்கிப் பழைய காற்றை வெளியேற்றி, சிலிண்டர் குழாயை உள்ளே விட்டு ஆக்சிஜன் நிரப்பி, கழுத்தை முறுக்கி மடித்து ரப்பர் பேண்ட் நான்கு சுற்று. அதன்மேல் இன்னொரு பை. கடைசியில் கறுப்பு மார்க்கரால் மேலே ஓர் எண் எழுதுவாள். அது அந்தப் பையைக் கட்டின நேரம்.

யாரும் அவளை எழுதச் சொன்னதில்லை. வாங்குகிறவர் கடல்களைத் தாண்டி வேறு நாட்டில் இருக்கிறார். அவர் பாஷை இவளுக்குத் தெரியாது, இவள் பாஷை அவருக்குத் தெரியாது. பதினோரு வருஷமாக முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. சரக்கு சேர்ந்ததும் சரக்கு ஏஜென்ட் வழியாகச் செல்போனில் ஒரு படம் வரும். வெள்ளைத் தட்டில் மீன்கள், தட்டோரத்தில் ஒரு கை. கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும். தங்கச்சி அவருக்கு நகக்காரர் என்று பெயர் வைத்துவிட்டாள். நகக்காரருக்கும் பைக்காரிக்கும் பொதுவாகப் புரிந்த ஒரே எழுத்து அந்த எண்தான்.

பழைய வழியில் அங்கே போய்ச் சேர நாற்பது மணி நேரம் ஆகும். அதைத் தாங்க வேண்டுமானால் ஏற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்த வேண்டும். வயிறு காலியான மீன் பைத் தண்ணீரை அசுத்தம் செய்யாது. அந்த இரண்டு நாளும் தொட்டிக்காரருக்குச் சரியாகச் சாப்பாடு இறங்காது. அவர் நிழல் விழுந்தாலே மீன்கள் மேலே கூடி வாயைத் திறந்து திறந்து மூடும். "எங்கிட்ட கேட்டு என்ன பண்றது, அம்மாகிட்ட கேளுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

நேர் விமானம் வந்தது. அந்த நாட்டிலிருந்து இயந்திரமும் துணியும் வருமாம், இங்கிருந்து பழமும் பூவும் மீனும் போகுமாம். இப்போது வாரத்துக்கு நான்கு, வரும் வருஷம் தினம் ஒன்று என்றார்கள். கோட் போட்டவர்கள் வந்து ரிப்பன் வெட்டினார்கள். அதே வாரம் பழைய விமானம் நின்றுபோனது. ரிப்பன் வெட்டியது செய்தியில் வந்தது. பழையது நின்றது ஏஜென்ட் சொல்லித்தான் தெரிந்தது.

ஏஜென்டுக்கு அரைமணி என்று பெயர். எதைக் கேட்டாலும் "அரை மணி நேரத்துல ஆயிடும்" என்பார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. விமானத்தில் யாருக்கு எத்தனை பெட்டிக்கு இடம் என்று முடிவு செய்வது அவர் கையில் இருந்ததால் கொஞ்சம் மிதப்பு, அவ்வளவுதான். இவர்களுக்கு இருபது பெட்டிக்கு இடம் கொடுத்திருந்தார். அந்த இருபது பெட்டி போனால்தான் நாற்பத்திரண்டு தொட்டியிலும் குஞ்சு வளர இடம் இருக்கும். வேறு வழி இனிக் கிடையாது.

முதல் சரக்கு வியாழக்கிழமை ஏறியது. சனிக்கிழமை காலையில் அரைமணி கூப்பிட்டார்.

"அக்கா, பதினோரு பெட்டி போச்சு. அத்தனையும் செத்து மெதக்குது. கட்டு சரியில்லன்னு பேசிக்கறாங்க."

பைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே கிளம்பினாள். விமான நிலையச் சாலையில் சரக்குக் கொட்டகைக்கு எதிரே அரைமணியின் அலுவலகம். ஒரு நீள மேஜை, ஒரு மின்விசிறி, சுவரெல்லாம் ரசீதுக் கட்டு. உள்ளே போனவள் உட்காரவில்லை.

"என் கட்டு எங்க அவுந்திருக்குன்னு காட்டுங்க சார்."

"அத விடுங்கக்கா. பெரிய பண்ணைக்காரங்க பைக்கு நூத்தி அறுபது போடறாங்க, தெரியுமா? பத்து மணி நேரப் பயணத்துக்கு எதுக்கு எண்பது எண்பதா தண்ணியச் சொமந்துக்கிட்டு போகணும்? இனிமே உங்களுக்குப் பத்துப் பெட்டிதான். அதே மீன அதுல அடைங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, மொத்த எடத்தையும் அவங்களுக்கே கொடுத்துடறேன். வர்ற புதன்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்க."

"படத்தக் காட்டுங்கன்னேன்."

செல்போனை நீட்டினார். அவள் படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். ரப்பர் பேண்ட் நான்கு சுற்றும் அப்படியே இருந்தது. பை உப்பி, இறுகி, காற்றுப் போகாமல் இருந்தது. உள்ளே தண்ணீர் மஞ்சளாகக் கலங்கியிருந்தது. அடியில் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அக்கா வழிக்கு வந்துவிட்டாள் என்று அரைமணி நினைத்துக்கொண்டார்.

தொட்டிக்காரர் அடைத்துக்கொண்ட காற்றுக் குழாய் ஒன்றை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். அவள் எதிரில் போய் நின்றாள்.

"எப்ப போட்டீங்க?"

"என்னது?"

"தீனி."

அவர் குழாயைக் கீழே வைத்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி தெரிந்தது. அந்தத் திறமை அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

"வியாழக்கிழமை விடிகாலையில. கொஞ்சமாத்தான். இந்தப் பக்கத்து வரிசைக்கு மட்டும்."

"ஏங்க?"

"ரெண்டு நாளா வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க. முன்னாடின்னா நாப்பது மணி நேரம், சரி. இப்பப் பத்துதானேன்னு நெனச்சேன். நாம பஸ்ஸுல போனாலே எதையாவது சாப்பிட்டுட்டுத்தான கெளம்பறோம்? வெறும் வயித்தோட ஏன் அனுப்பணும்னு…"

"நல்லவேளை அண்ணே, வழிக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்காம விட்டியே" என்றாள் தங்கச்சி. யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கே அது சரியாகப் படவில்லை.

தொட்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அத்தனையும் நானே கொன்னுட்டேன்ல?"

பைக்காரிக்கு வந்த கோபத்தில் கைவலையை எடுத்து வீசியிருப்பாள். அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. பசி பொறுக்காத மனுஷனைக் கட்டிக்கொண்டு, பட்டினி போட்டே ஆகவேண்டிய தொழிலைப் பதினோரு வருஷம் செய்திருக்கிறோமே என்று இருந்தது. தொட்டித் தண்ணீரையே அள்ளி முகம் கழுவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"பத்து பத்துங்கறீங்களே ரெண்டு பேரும், நீங்களும் அந்த அரைமணியும். பறக்கிறதுதான் பத்து. ஒம்பது மணிக்குக் கட்டினேன். மூணு மணி விமானத்துக்குக் கொட்டகையில காத்திருந்துச்சு. அரை மணி தாமதம்னு சொல்லி ஏழு மணி நேரம் கெடந்துச்சு. அப்புறம்தான் உங்க பத்து. அங்க எறங்கி சோதனைக்கு அஞ்சு. எத்தன ஆச்சு?"

தங்கச்சி விரல் விட்டு எண்ணினாள். "இருபத்தெட்டு."

"வானத்துல இருக்கோமா கொட்டகையில இருக்கோமான்னு மீனுக்குத் தெரியாது. அது பைக்குள்ள இருக்கு."

தங்கச்சி நகர்ந்து அருகில் வந்தாள். "அண்ணி, தீனி போட்டத வெளிய சொல்லிக்க வேணாம். ஏழு மணி நேரம் வெக்கையில போட்டு வெச்சான்ல? அவன் தலையிலயே கட்டிடலாம்."

"அப்படிச் சொன்னா, ஏழு மணி நேரம் கூடுதலா கெடந்தா நம்ம பை தாங்காதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். தாங்கும். நான் கட்டினது நாப்பதுக்கு." எழுந்து தீனி டப்பாவை எடுத்துவந்தாள். எங்கேயாவது பூட்டி வைக்கப் போகிறாள் என்றுதான் தங்கச்சி நினைத்தாள். பைக்காரி அதைக் கணவர் மடியில் வைத்தாள். "நாளைலேருந்து ரெண்டு வரிசைக்குப் பட்டினி. டப்பா உங்ககிட்டயே இருக்கட்டும்."

அடுத்த இரண்டு நாளும் அவர் டப்பாவை மூடியபடியே கூடக் கொண்டு திரிந்தார். மீன்கள் மேலே வந்தன. அவர் பக்கத்தில் உட்கார்ந்து என்னவோ பேசினார். மூடி மட்டும் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று பேரும் அரைமணியின் அலுவலகத்துக்குப் போனார்கள். சிலிண்டர், பைகள், இரண்டு வாளி மீன், ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. தொட்டிக்காரர் வீட்டுத் தண்ணீர் நிரப்பிய இரண்டு வெள்ளைக் கேன்களையும் வண்டியில் ஏற்றியிருந்தார்.

"அது எதுக்குங்க?"

"சும்மா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவற்றோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே மாம்பழம் ஏற்றுகிற ஒருவரும், சுமை தூக்குகிற மூன்று பேரும், ரசீது எழுதுகிற பெண்ணும் இருந்தார்கள். பைக்காரி எல்லோர் காதிலும் விழும்படி பேசினாள்.

"பதினோரு பெட்டி செத்தது எங்க தப்பு சார். பட்டினி போட்ட மீனுக்குத் தீனி போட்டுட்டோம். உங்க கொட்டகை மேலயும் தப்பில்ல, என் கட்டு மேலயும் தப்பில்ல."

போட்டுட்டோம் என்று அவள் சொன்னது வாசற்படியில் இருந்தவருக்குக் கேட்டது. அவர் கேனின் மூடியை இறுக்கி இறுக்கித் திருகினார்.

அரைமணி இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அதான் ஒத்துக்கிட்டீங்களே. அப்ப நூத்தி அறுபதா போட்டுடலாம்ல?"

"மாட்டேன்."

"என்னக்கா மாட்டேன்னா?"

"மாட்டேன்னா மாட்டேன்தான். உங்க மேஜையில கொஞ்சம் எடம் கொடுங்க. ரெண்டு பை கட்டறேன். ஒண்ணு நீங்க சொல்றபடி, ஒண்ணு என் வழக்கப்படி. நாளைக்கு விமானம் ஏறுற வரைக்கும் ரெண்டும் இங்கயே இருக்கட்டும். என்னோடதுல ஒரு மீன் மெதந்தாலும் மொத்த எடத்தையும் பண்ணைக்காரங்களுக்குக் கொடுத்துடுங்க. நான் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்."

தங்கச்சி அண்ணியின் புடவையைப் பிடித்து இழுத்தாள். பைக்காரி கையைத் தட்டிவிட்டாள்.

மாம்பழக்காரர் நாற்காலியை நகர்த்தி வசதியாக உட்கார்ந்தார். ரசீதுக் கட்டுகளை ஒதுக்கி இடம் பண்ணினார்கள். இரண்டு பையையும் ஒரே மாதிரி கட்டினாள். மீன்தான் இதில் எண்பது, அதில் நூற்று அறுபது. அதையும் ஒழுங்காகவே கட்டினாள். எதிராளிக்காகக் கட்டினாலும் அவளுக்கு அரைகுறையாகக் கட்ட வராது. இரண்டிலும் மார்க்கரால் 10 என்று எழுதி, பக்கத்தில் அன்றைய தேதியையும் போட்டாள்.

அலுவலக வேலை நடந்தது. போன் அடித்தது, ரசீது கிழிந்தது, மூன்று பேர் வந்து அரை மணி நேரத்தில் வரச்சொல்லி அனுப்பப்பட்டார்கள். மத்தியானம் பைக்காரி கொண்டுவந்திருந்த சோற்றைச் சாப்பிட்டார்கள். தொட்டிக்காரர் இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை.

"நீயும் பட்டினியா அண்ணே? உன்ன எந்த விமானத்துல ஏத்தறது?" என்றாள் தங்கச்சி. அவர் கொஞ்சம் சிரித்தார்.

மூன்று மணிக்கு நூற்று அறுபது போட்ட பையில் நாலைந்து மீன் மேலே வந்தன. நான்கு மணிக்குப் பாதி மீன்கள் மேலே இருந்தன. சுமை தூக்குகிறவர்கள் டீ கிளாஸோடு வந்து குனிந்து பார்த்துவிட்டுப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பக்கத்துப் பையில் எண்பதும் நடுத்தண்ணீரில் தலை ஒரே பக்கமாக நின்றன. ஐந்தரைக்கு நூற்று அறுபதும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூச்சுக்குத் தவித்தன. ஒன்றிரண்டு சாய ஆரம்பித்தன.

அரைமணி நெற்றியைத் துடைத்தார். "இன்னும் அரை மணி நேரம் பாப்போம்கா."

"பாக்க வேணாம்." பைக்காரி கத்தரியை எடுத்தாள். "யாரு சொன்னது சரின்னு காட்டறதுக்கு நூத்தி அறுபது உயிர் எதுக்கு? ஏங்க, அந்தத் தண்ணிய…"

திரும்பியபோது அவர் ஏற்கனவே கேனைச் சாய்த்துப் பிளாஸ்டிக் தொட்டியைப் பாதி நிரப்பியிருந்தார். அவள் பையை வெட்டினாள். மீன்கள் வீட்டுத் தண்ணீரில் விழுந்தன. அவர் கையை உள்ளே விட்டு மெல்ல அலம்பி அலம்பிக் காற்றுக் கலக்கினார். சாய்ந்தவை இரண்டு போக மற்றவை கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்துகொண்டன. அந்த இரண்டை அவர் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டார். பைக்காரி அவரைப் பார்த்தாள். காலையில் கேன்களை எதற்கென்று கேட்டதற்காக வருத்தப்பட்டாள்.

எண்பது மீன் பை மேஜையிலேயே இருந்தது. அரைமணி அலுவலகத்தைப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்தார். மறுநாள் அவர் திறந்தபோது இவர்கள் இருபது பெட்டியோடு வாசலில் நின்றார்கள். பெட்டிக்கு நான்கு பை, பைக்கு எண்பது. நேராக மேஜைக்குப் போய்ப் பார்த்தார்கள். எண்பதும் நின்றிருந்தன.

"சரிக்கா" என்றார் அரைமணி, ரசீதைப் பார்த்துக்கொண்டே. "இந்த ஒரு தடவ இருபதும் போகட்டும். அடுத்து என்னன்னு வாங்கறவர் சொல்லட்டும். அவருக்கும் ஒரு மீனுக்கு என்ன செலவுன்னு இருக்கும்ல."

"அந்தப் பையும் ஏறும்."

"எந்தப் பை?"

"மேஜையில இருக்கிறது."

"அக்கா, மூணு மணிக்கு அது கட்டி இருபத்தொம்பது மணி நேரம் ஆகும். இதுக்கு மேல பறந்து, எறங்கி, சோதனையெல்லாம் முடிஞ்சு… போய்ச் சேரும்போது மொத்தமும் செத்துக் கெடந்தா இருக்கிற பேரும் போயிடும். நான் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நாப்பதுக்குக் கட்டினதுன்னு சொன்னேன்ல சார். சொன்ன வார்த்த மேஜையோட நின்னுட்டா எப்படி?"

பெட்டி ஒன்றைத் திறந்து, ஓரத்தில் இடம் பண்ணி, அந்தப் பையையும் வைத்து மூடினாள். டேப்பை ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாக இழுத்து ஒட்டினாள். பயம்தான். பயந்தால் ஒட்டக் கூடாதா என்ன. மூன்று மணி விமானம் மூன்றே முக்காலுக்குக் கிளம்பியது. வீட்டுக்குப் போகும் வழியில் தலைக்கு மேல் போனதை மூன்று பேரும் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் படம் வந்தது. தங்கச்சி போனை எடுத்துக்கொண்டு தொட்டிகளுக்கு நடுவே ஓடிவந்தாள். வெள்ளைத் தட்டு. ஆரஞ்சு நிறத்தில் மீன்கள். தட்டுக்குப் பக்கத்தில் வெட்டிய பையை விரித்து வைத்திருந்தார்கள். அதன்மேல் பைக்காரி எழுதிய 10, பக்கத்தில் செவ்வாய்க்கிழமைத் தேதி. அதற்குக் கீழே நீல மார்க்கரில் இன்னொரு கை எழுதிய எண்: 44. பதினோரு வருஷத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஓர் எண் வந்தது அதுதான் முதல் தடவை.

"நாப்பத்திநாலு மணி நேரமா?" என்றார் தொட்டிக்காரர்.

"மீன எண்ணுங்க" என்றாள் அவள்.

அவர் படத்தைப் பெரிதாக்கி, தட்டின் இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். அவ்வளவு நேரமும் அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"எழுபத்தொம்பது."

"மறுபடி எண்ணுங்க."

மறுபடியும் எண்ணினார். குரல் இறங்கிவிட்டது. "எழுபத்தொம்பதுதாம்மா வருது."

"குடு அண்ணே." தங்கச்சி போனைப் பிடுங்கினாள். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தட்டோரத்தில் இருந்த அந்தக் கையைப் பெரிதாக்கினாள். "இங்க பாருங்க. நகத்துக்குப் பின்னால."

பிளந்த நகத்துக்குக் கீழே, கட்டைவிரல் நிழலில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு வால். அது அசைந்திருக்க வேண்டும். படத்தில் கலங்கித் தெரிந்தது.

தொட்டிக்காரர் தொட்டிச் சுவரில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். மீன்கள் தீனி வந்துவிட்டதென்று அவர் பக்கமாகக் கூடி வந்தன.

போன் அடித்தது. அரைமணி.

"அக்கா, இருபது பெட்டியும் உசுரோட சேந்துடுச்சு. எண்பது எண்பதாவே வரட்டும்னுட்டார். அதுமட்டுமில்ல, நாளைக்கே முப்பது பெட்டி கேக்கறார்."

"நாளைக்குக் கிடையாது. பட்டினி போட்டு ரெண்டு நாள் முழுசா ஆகாம ஒரு மீனும் ஏறாது. திங்கக்கிழமைக்குத் தர்றேன்."

"பெரிய பண்ணைக்காரங்க தினமும் தர்றேங்கறாங்க…"

"தரட்டும்."

அந்தப் பக்கம் ரசீதுத் தாள் புரளும் சத்தம் கேட்டது. "சரி, திங்கக்கிழமை முப்பது. நான் எடம் போட்டு வெச்சுடறேன்."

"விமானம் நேரத்துக்குக் கெளம்புமா சார்?"

"ஒரு அரை மணி நேரம் முன்ன பின்ன ஆகும்கா. அது ஒண்ணும் பெருசு இல்ல."

"ஆகட்டும் சார்" என்றாள் பைக்காரி. "உங்க அரை மணிக்கும் சேத்துத்தான் கட்டறேன்."